நிரப்புவதா, நிறுத்துவதா?

மகிழுந்து வாங்க வருபவர்கள் முதலில் அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு இருக்கையைத் தடவிப் பார்ப்பார்கள்; குளிரூட்டியை முடுக்கிப் பார்ப்பார்கள்; வானொலி பாடுகிறதா என்று கேட்பார்கள். முன்பக்க மூடியைத் திறந்து, ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய நெகிழிக் கலனை எட்டிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. அந்தக் கலனில் இருப்பது ஒரு தேநீர்க் குவளை அளவு திரவம்தான். ஆனால், ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள வாகனம் நாம் நினைத்த இடத்தில் நிற்பது அந்தத் திரவத்தை நம்பித்தான்.

எங்கள் வீட்டுப் பழைய மகிழுந்தில் அப்படிப்பட்ட கலன்கள் இரண்டு இருந்தன. பெரியது பிரேக்குக்கு, சிறியது கிளட்சுக்கு. கையால் கியர் மாற்றி ஓட்டும் வண்டி அது. தாப்பா வட்டாரத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநராக இருந்த அப்பா, பல ஆண்டுகள் சேமித்து வாங்கிய முதல் மகிழுந்து. நானும் அக்காவும் அதன் பின்னிருக்கையில்தான் வளர்ந்தோம் என்று சொன்னால் மிகையாகாது.

நான் ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு ஆசிரியர் பணி கிடைத்தது. கேமரன் மலையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திற்கு மேல் ஏறும் சாலை அது. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி, ரிங்லெட் வழியாக வளைந்து வளைந்து செல்லும். ஏறும்போது இயந்திரத்திற்கு வேலை; இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. ஞாயிறு மாலை மலையேறி, வெள்ளி மாலை இறங்கி வரப்போகும் மகளுக்குத் தம் மகிழுந்தையே கொடுத்துவிட அப்பா முடிவு செய்தார்.

கொடுக்கும் பொருள் பார்வையாகவும் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கூரையிலும் கதவிலும் சாயம் மங்கிப் போயிருந்தது. “ஆசிரியை ஓட்டப் போகும் வண்டி, பளபளவென்று இருக்க வேண்டாமா?” என்று சொல்லி, புதுச் சாயம் பூசுவதற்காக ஒரு தொகையை எடுத்து வைத்திருந்தார்.

அப்பாவுக்கு நீண்ட நாளாக ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவி முடித்ததும், முன்பக்க மூடியைத் திறந்து இரண்டு கலன்களையும் பார்ப்பார். அளவு குறைந்திருந்தால், மாற்றுச் சக்கரத்தின் அருகில் வைத்திருக்கும் சிறு போத்தலை எடுத்து ஊற்றி நிரப்புவார். கிளட்ச் கலனுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் ஊற்ற வேண்டியிருந்தது. “வயதான வண்டி, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்” என்பார்.

தாப்பாவில் வாகனப் பட்டறை வைத்திருக்கும் என் மாமா ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தப் பேச்சைக் கேட்டார்.

“மச்சான், வண்டி எதையும் குடிக்காது. பெட்ரோல் எரிந்து தீரும், அது சரி. பிரேக் எண்ணெய் எரிந்து தீரும் பொருளா? உள்ளே சுற்றி அடைத்து வைத்திருக்கும் சரக்கு அது. குறைந்தால் எங்கேயோ போயிருக்க வேண்டும். எங்கே போனது என்று பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

“இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன் மாப்பிள்ளை. ஒருநாளும் பிரேக் என்னைக் கைவிட்டதில்லை” என்றார் அப்பா.

“நீங்கள் ஓட்டியது சமதரையில். பிள்ளை ஓட்டப் போவது மலையில்.”

அப்பா பதில் பேசவில்லை. மாமாவும் மேற்கொண்டு பேசாமல், கைவிளக்கை எடுத்துக்கொண்டு என்னை அழைத்தார்.

கலன்களின் அளவைப் பற்றி மாமா அன்று ஒரு செய்தி சொன்னார். பிரேக் கட்டைகள் தேயத் தேய, அவற்றைத் தள்ளும் உருளைகள் சற்று வெளியே வரும். அந்த இடத்தை நிரப்பத் திரவம் கீழே இறங்கும். அதனால் பல மாதங்களில் பிரேக் கலனின் அளவு கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால், வாரந்தோறும் குறைந்தால் அது தேய்மானம் அன்று, கசிவு.

கசிந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. கிளட்ச் கலனுக்கு நேர் கீழே, இரும்புச் சுவரில் இருந்த சாயம் கொப்புளித்து உரிந்திருந்தது. “பிரேக் எண்ணெய் போன பாதையைச் சாயமே காட்டிக் கொடுத்துவிடும். பட்ட இடத்தையெல்லாம் உரித்துவிடும்” என்றார் மாமா. கலனின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அதிலிருந்து மேல் பம்புக்குச் செல்லும் குட்டை இரப்பர் குழாயின் முனை, விரலால் அழுத்தியபோது மாவு போல நொறுங்கியது. பிரேக் கலன் தெளிவாக இருக்க வேண்டியது. மஞ்சளித்து, உள்ளே இருக்கும் அளவுகூடத் தெரியாத நிலையில் இருந்தது. அது மாஸ்டர் பம்பின் மேல் அமரும் இடத்தில் இருந்த இரண்டு இரப்பர் வளையங்களும் இறுகிப்போய் ஈரம் கட்டியிருந்தன. முன்சக்கரங்களைத் திருப்பி, அவற்றுக்குச் செல்லும் பிரேக் குழாய்களை மாமா வளைத்துக் காட்டினார். மழை காணாத வயல் போல அவற்றின் மேல்தோல் முழுவதும் வெடிப்பு.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சாயமா, குழாயா என்ற பேச்சு வந்தது. இரண்டுக்கும் பணம் போதாது. அப்பாவின் முகத்தில் வருத்தம் தெரிந்தது. அக்காதான் அதைத் தீர்த்து வைத்தார்.

“பிள்ளைகள் என் வண்டியின் சாயத்தைப் பார்த்தா பாடம் படிக்கப் போகிறார்கள்? மலையிலிருந்து இறங்கி வந்து உங்களோடு சாப்பிட வேண்டும் அப்பா. அதற்கு எது தேவையோ அதைச் செய்யுங்கள்.”

அம்மா ஒன்றும் சொல்லாமல், சாயத்துக்கென எடுத்து வைத்திருந்த உறையைக் கொண்டு வந்து மாமாவின் முன் வைத்தார்.

மறுவாரம் பள்ளி விடுமுறை. மாமாவின் பட்டறையில் வேலை தொடங்கியது. நான் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் உதவியாளன்.

வேலைக்கு முன்பே பொருள் தேடும் வேலை இருந்தது. பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் கடையில் இரண்டு கலன்களும் குழாய்களும் மலிவாகக் கிடைத்தன. மாமா அவற்றைத் தொடவில்லை. “கதவு, கண்ணாடி என்றால் பழையது வாங்கலாம். இரப்பரும் நெகிழியும் வயதாகும் பொருள்கள். நம் வண்டியில் கெட்டது போலவே அதுவும் கெட்டிருக்கும், நமக்குத்தான் தெரியாது” என்றார்.

குழாய் வாங்கும்போது அவர் இன்னும் கவனமாக இருந்தார். கடைக்காரர் பெட்ரோல் குழாயை வெட்டித் தர முன்வந்தார். பார்வைக்கு அது தடிப்பாகவும் உறுதியாகவும் இருந்தது. மாமா தலையசைத்து மறுத்துவிட்டார். நாம் பிரேக் எண்ணெய் என்று அழைத்தாலும் அது உண்மையில் எண்ணெய் அன்று. பெரும்பாலான வாகனங்களில் பயன்படுவது கிளைக்கால் வகை வேதிப்பொருள்களால் ஆன திரவம். பெட்ரோலைத் தாங்கும் இரப்பர் இந்தத் திரவத்தில் ஊறினால் கெட்டுவிடும். இந்தத் திரவத்தைத் தாங்கும் இ.பி.டி.எம். வகை இரப்பரோ, இயந்திர எண்ணெய் பட்டால் உப்பிவிடும். ஆகவே, பிரேக் கலனில் தவறியும் இயந்திர எண்ணெயை ஊற்றிவிடக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி அளவுகூட உள்ளே இருக்கும் இரப்பர் வளையங்களையெல்லாம் பாழாக்கப் போதுமானது.

பட்டறைக்கு வந்த ஓர் அண்ணன், பந்தய வண்டிகளில் போடுவது போல எஃகு இழை பின்னிய குழாய்களைப் போடச் சொன்னார். அவை நல்லவைதாம், அழுத்தும்போது இரப்பர் குழாய் அளவுக்கு உப்புவதில்லை. “தரச்சான்று உள்ளதை வாங்க நம்மிடம் பணம் இல்லை. தரச்சான்று இல்லாததை வாங்க எனக்குத் துணிவு இல்லை” என்று சிரித்தார் மாமா. கடைசியில், வண்டிக்கு ஏற்ற புதிய கலன்கள் இரண்டு, நான்கு சக்கரங்களுக்கும் புதிய பிரேக் குழாய்கள், கிளட்சுக்குப் புதிய குழாய்கள், இரப்பர் வளையங்கள், செப்பு வளையங்கள், பிரேக் திரவம் எல்லாம் வாங்கினோம். பழைய கலன் குழாயில் வெறும் கம்பிக் கவ்விகள்தாம் இருந்தன. புதியதற்குத் திருகி இறுக்கும் கவ்விகள்.

பழைய திரவத்தை வெளியே எடுத்தபோது நான் வியந்து போனேன். அது கறுப்புக் காப்பியின் நிறத்தில் இருந்தது. புதிய திரவமோ இளந்தேனின் நிறம். காரணத்தை மாமா விளக்கினார். இந்தத் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. நம் நாட்டைப் போல ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் அது மெல்ல மெல்ல நீரை ஏற்றுக்கொள்ளும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால், விதி கேட்கும் கொதிநிலை 155 பாகைக்கு இறங்கிவிடும்.

அந்த எண்களின் பொருள் மலைச்சாலையில்தான் புரியும். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக்கை அழுத்தினால் உராய்வினால் வெப்பம் ஏறும். ஈரம் ஏறிய திரவம் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். அப்போது நாம் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் ஆவியைச் சுருக்குவதிலேயே வீணாகும். மிதிகட்டை தரைவரை போகும், வண்டி நிற்காது.

இயற்பியல் வகுப்பில் நான் படித்த பாஸ்கல் கோட்பாடு எனக்கு நினைவுக்கு வந்தது. மூடிய இடத்தில் உள்ள திரவத்தின் மீது கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கினார். மிதிகட்டை தள்ளும் உருளையின் பரப்பு 3 சதுர செண்டிமீட்டர், சக்கரத்தில் உள்ள உருளையின் பரப்பு 15 சதுர செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசை ஐந்து மடங்காகும். அதனால்தான் மெலிந்த ஒரு கால் கனமான வாகனத்தை நிறுத்த முடிகிறது. நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் பொருத்திய மகிழுந்து 1921இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. “மூடிய இடம்” என்ற இரு சொற்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். நொறுங்கிய குழாயைக் கையில் பிடித்தபோதுதான் அந்தச் சொற்களின் கனம் தெரிந்தது.

குழாய்களைக் கழற்றும்போது மாமா சாதாரணத் திருகுசாவியைப் பயன்படுத்தவில்லை. மரையின் பெரும்பகுதியை அணைத்துப் பிடிக்கும் தனிச் சாவி ஒன்றை வைத்திருந்தார். பல ஆண்டுகளாக இறுகிய மரைகளை வேறு சாவியால் திருப்பினால் அவற்றின் முனைகள் மழுங்கிவிடுமாம். குழாய் சேரும் இடங்களில் பழைய செப்பு வளையங்களைத் திரும்பப் போடாமல் புதியவற்றையே போட்டார். குழாயைப் பொருத்திய பிறகு சக்கரத்தை இடமும் வலமும் முழுமையாகத் திருப்பி, குழாய் முறுக்கிக்கொள்கிறதா, சக்கரத்தில் உரசுகிறதா என்று பார்த்தார். சாயத்தின் மீது ஒரு சொட்டுத் திரவம் விழுந்தால் உடனே நீர் ஊற்றிக் கழுவினோம். கண்ணில் பட்டால் கேடு என்பதால் இருவரும் காப்புக்கண்ணாடி அணிந்திருந்தோம். வடித்த திரவத்தைக் கால்வாயில் ஊற்றாமல் தனிக் கலனில் சேர்த்து வைத்தோம்.

அதன்பின் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இருவர் தேவை. அப்பா தாமாகவே வந்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். மாமா சக்கரத்தின் அருகே குனிந்து, காற்று வெளியேறும் சிறு திருகில் ஒரு தெளிவான குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் திரவம் உள்ள போத்தலில் அமிழ்த்தினார். கலனில் அளவு குறையாமல் பார்த்து ஊற்றுவது என் பொறுப்பு. அது வற்றினால் மீண்டும் காற்று புகுந்துவிடும்.

“அழுத்துங்கள் மச்சான்... பிடித்துக்கொள்ளுங்கள்... இப்போது விடுங்கள்.”

ஒவ்வொரு முறையும் குழாயில் குமிழிகள் ஓடி வந்தன. அப்பா காலை எடுப்பதற்கு முன் மாமா திருகை மூடிவிடுவார். கையேடு சொன்ன வரிசைப்படி நான்கு சக்கரங்கள். பிறகு கிளட்சின் கீழ்ப் பம்ப். கிளட்ச் கெட்டால் கியர் மாற்ற முடியாது. இறக்கத்தில் தாழ்ந்த கியருக்கு மாறி வேகத்தைக் கட்டுப்படுத்தவும் முடியாது. அதனால் அதற்கும் அதே பொறுமையோடு காற்றை எடுத்தோம். குமிழிகள் குறைந்து குறைந்து, கடைசியில் தேன் நிறத் திரவம் மட்டும் வந்தது. அப்பா மிதிகட்டையை மீண்டும் ஒருமுறை அழுத்தினார். அவருடைய முகம் மாறியது.

“கல் மாதிரி நிற்கிறது மாப்பிள்ளை. முன்பெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கும். அதுதான் இந்த வண்டியின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

குறை சிறுகச் சிறுக வளரும்போது நாமும் அதோடு சிறுகச் சிறுகப் பழகிவிடுகிறோம். அதுதான் கசிவின் உண்மையான ஆபத்து. ஒரே நாளில் உடைவது நம்மை எச்சரிக்கும். துளித்துளியாகப் போவது நம்மைத் தாலாட்டும்.

வேலை முடிந்ததும் மாமா வண்டியை உடனே தந்துவிடவில்லை. இயந்திரத்தை இயக்கி, அப்பாவைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வோர் இணைப்பையும் மெல்லிய தாளால் துடைத்துப் பார்த்தார். பட்டறையின் பின்னால் உள்ள வெற்றிடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தார். இரண்டு இரவுகள் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தார். மூன்றாம் நாள் காலையில் அட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை. அதன் பிறகே சாவியைக் கொடுத்தார்.

என் வயது மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது விளையாட்டாகச் செய்து பார்க்கும் வேலை அன்று. தேர்ந்த ஒருவரின் கண்பார்வை இல்லாமல் பிரேக் குழாயில் கை வைக்கக் கூடாது. ஆனால், முன்பக்க மூடியைத் திறந்து, கலனின் அளவு மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நின்றுவிடாமல், ஏன் குறைந்தது என்று கேட்கவும் வேண்டும். நிரப்புவது ஒரு நிமிட வேலை. கசிவை நிறுத்துவது சில நாள் வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு.

அக்காவின் முதல் பயணத்திற்கு முந்தைய நாள், அப்பா அவரை அருகில் அமர்த்திக்கொண்டு தாப்பாச் சாலையில் பாதி தூரம் ஏறி இறங்கினார். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வர வேண்டும், பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது, தேவைப்படும் இடத்தில் உறுதியாக அழுத்தி விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்லிக் கொடுத்தார். வீடு திரும்பியதும் மாற்றுச் சக்கரத்தின் அருகில் இருந்த அந்தச் சிறு போத்தலை எடுத்து மாமாவிடம் கொடுத்துவிட்டார். அதன் இடத்தில் ஒரு கைவிளக்கை வைத்தார்.

மங்கிய சாயத்தோடுதான் அந்த மகிழுந்து மலையேறியது. வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி முடிந்ததும், புறப்படுவதற்கு முன் அக்கா முன்பக்க மூடியைத் திறந்து பார்ப்பார். பிறகு அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: “கோட்டில்தான் இருக்கிறது, அப்பா. கிளம்புகிறேன்.” அதைப் படித்தவுடன் அம்மா உலை வைப்பார்.